எல்லாமே கத்துதுடா

போன ஆண்டு ஒரு ஹெட்ஃபோனும் அதை ஓட்ட ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 38,000 ரூபாய். ஹெட்ஃபோன் இன்னொருவர் பயன்படுத்தி விற்றது. தொகையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அது உறுத்தாமல் இருந்திருந்தால் கீழே எழுதியிருக்கும் எதையும் நான் யோசித்திருக்க மாட்டேன்.

ஹெட்ஃபோனுக்கு எதற்கு ஆம்ப் என்று வீட்டில் கேட்டார்கள். நான் வாங்கியது சென்ஹைசரின் ஹெச்டி 600. 1997இல் வந்த மாடல், மின்மறுப்பு 300 ஓம். செல்போனில் நேரடியாகச் செருகினால் பாட்டு வரும், ஆனால் நாலு வீடு தள்ளி யாரோ பாடுகிற மாதிரி வரும். போன் தருகிற வோல்டேஜ் அதற்குப் போதாது. நடுவில் ஆம்ப் வைத்ததும் பாடகர் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். முதல் நாள் இரவு மூன்று மணிவரை தூங்கவில்லை. ஆயிரம் தடவை கேட்ட பாட்டுகளில் பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. தபலாவில் விரல் விழுவதும் உள்ளங்கை விழுவதும் தனித்தனியாகத் தெரிந்தன.

இரண்டாவது வாரத்தில் ஒன்று நடந்தது. நான் பாட்டுக் கேட்பதை நிறுத்தியிருந்தேன். ஒரே பாட்டின் இருபது விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டு ஹெட்ஃபோனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் விலை கூடிய ஆம்ப் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். அது தெளிவாக இருந்தது, சந்தேகமே இல்லை. நண்பர் சிரித்துவிட்டு, இரண்டையும் மீட்டர் வைத்து ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்தார். பிறகு எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார். பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். கொஞ்சம், அரை டெசிபல் அளவுக்குச் சத்தம் கூடினாலும் காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும் என்றார். கூடுதல் சத்தத்தைக் கூடுதல் உண்மை என்று நம்புகிறது மனசு. மேடைப் பேச்சாளர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது.

இன்னொரு ஏமாற்றமும் இருந்தது. அப்பாவுக்குப் பிடித்த ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை, பழைய 78 சுழற்சி இசைத்தட்டிலிருந்து பதிந்த ஒன்றை, ஆசையாகப் போட்டேன். நாகஸ்வரம் பெரிதாக வந்தது. தட்டின் கரகரப்பும் அதே அளவு பெரிதாக வந்தது. ஆம்ப்ளிஃபயருக்கு நாதமும் தெரியாது, கீறலும் தெரியாது. வருவதைப் பெருக்கும், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு ஹெட்ஃபோனையும் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா ஜவ்வாது மலையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜமுனாமரத்தூரை விட்டுக் கீழே இறங்க மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். ஆலங்காயத்திலிருந்து பஸ் மலையேறினால் வழியில் காவலூர் வரும். வைணு பாப்பு பெயரில் உள்ள வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடி, இருட்டில் விரிந்த மனிதக் கண்பாவையைவிடச் சுமார் ஒரு லட்சம் மடங்கு ஒளியை வாங்கும். இவ்வளவு பெரிய ஆடியை நகரத்துக்கு நடுவில் வைத்தால் தெருவிளக்கின் ஒளியையும் சேர்த்தே வாங்கும் என்பதால்தான் இந்தக் காட்டுக்குள் வந்தார்கள். 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தபோது, அந்த நிகழ்வு காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவானது. கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிற நேரத்தில், அதற்குச் சற்று முன்பே நட்சத்திரம் சில விநாடி மங்கித் திரும்பியது. அந்தச் சின்ன மங்கலைக் கருவிக்கோளாறு என்று தள்ளாமல் எடுத்துக்கொண்டதுதான் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும். ஆடியின் அளவு அதற்கு அப்புறம்தான்.

வீட்டுக்குப் போனால் டிவி தெருமுனைவரை கேட்டது. இரண்டு வருஷம் முன்பு நானும் தம்பியும் பணம் போட்டு அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்திருந்தோம். ஹெட்ஃபோனைவிட விலை கம்மி. அது பீரோவில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், டப்பாவோடு இருந்தது.

“ஏம்பா போட்டுக்கல?”

“எல்லாமே கத்துதுடா. தட்டு கத்துது, கதவு கத்துது, உங்கம்மா கத்துறா. பேசுறது மட்டும் புரியல.”

இதை அவர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘பழகிடும்பா’ என்று நாங்களும் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. தோடியையும் கரகரப்பையும் சேர்த்துக் கேட்டுவிட்டு வந்திருந்ததால் விழுந்தது.

வயதானால் முதலில் போவது உச்ச அதிர்வெண்கள். நம் உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் கீழே இருக்கிறது. அது கேட்கும். ச, த, ப போன்றவற்றின் அடையாளம் மேலே இருக்கிறது. அதனால் பால், தாள், கால் மூன்றும் ‘ஆல்’ என்றே வந்து சேரும். பேசுவது கேட்கிறது, என்ன பேசினார்கள் என்று தெரிவதில்லை. அதோடு, காதுக்கு எட்டாத சத்தத்துக்கும் தாங்க முடியாத சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற இடமும் குறுகிவிடுகிறது. எனவே எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெருக்குவது உதவாது. எந்த அதிர்வெண்ணை எவ்வளவு, எந்தச் சத்தத்தை எதுவரை என்று ஒவ்வொரு காதுக்கும் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரே தடவையில் அமையாது, திரும்பத் திரும்பப் போக வேண்டும். அப்பாவின் மிஷினை ஒரே ஒரு முறை, வாங்கின அன்றைக்கு, வைத்துக் கொடுத்திருந்தார்கள். அப்புறம் யாரும் கூட்டிப்போகவில்லை. யாரும் என்றால் நான்.

ஹெட்ஃபோனுக்கு மட்டும் காதுப் பஞ்சு மாற்றினேன், கம்பி மாற்றினேன், மூன்று வாரம் ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன். தெளிவாகக் கேட்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இருந்தது.

இதை வைத்து ஆடம்பரம் தப்பு என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த 38,000 என்னிடமே இருந்திருந்தாலும் அப்பாவைக் கூட்டிப்போயிருக்க மாட்டேன். தடையாக இருந்தது பணம் இல்லையே, மூன்று தடவை பஸ் ஏற வேண்டியதுதானே. சொல்லப்போனால் இந்த விளையாட்டுச் சாமான் இல்லாவிட்டால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தே இருக்காது. ஆனால் இப்படிச் சொல்லும்போதே, வாங்கிவிட்ட பொருளுக்கு நியாயம் தேடுகிறேனோ என்றும் இருக்கிறது. ஒரு பொருள் நமக்கு ஒன்றைக் கற்றுத் தந்துவிட்டால் அதை வாங்கியது சரியாகிவிடுமா? ஒரு மனிதர் இரண்டு வருஷமாகத் தமிழில் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏன் 300 ஓம் தேவைப்பட்டது? இரண்டு கேள்விக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஹெட்ஃபோனை அப்பா தலையிலும் மாட்டினேன். சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி அதே தோடி. கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டார். நான் குனிந்து “எப்படிப்பா இருக்கு?” என்றேன். கண்ணைத் திறந்து என் உதட்டைப் பார்த்தார். ஹெட்ஃபோனைக் கழட்டி மடியில் வைத்துக்கொண்டு, “இன்னா சொன்னே?” என்றார். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. கூட நாலு பேர் கேட்டால்தான் அவருக்கு அது பாட்டு. மலையில் வாத்தியார் குடியிருப்பில் ஒரே டிரான்சிஸ்டரை ஜன்னலில் வைத்து எல்லோரும் கேட்ட காலத்து ஆள் அவர்.

தை மாசத்திலேயே வேலூருக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து, ஸ்டீல் தட்டை ஸ்பூனால் தட்டித் தட்டிக் கேட்டு மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது முறை தம்பி கூட்டிப்போனான். மூன்றாவதுக்கு நான் போன் செய்து நினைவுபடுத்தியபோது, ஒரே தடவையில் அப்பாவுக்குப் புரிந்தது.

“பகல்ல பரவாயில்லடா. ராத்திரிதான் கழட்டி வச்சிடறேன். இந்தப் பூச்சிங்க போடற சத்தம் தாங்கல. எப்ப இருந்துடா இதுங்க இப்படிக் கத்துதுங்க?”