உழவாரம் பிடித்த கை



சென்ற ஆண்டு கரங்கானில் ஒரு கோயிலுக்குப் பின்னால் எங்கள் இளைஞர் குழு 20 மரக்கன்றுகளை நட்டது. தேவாரம் பாடினோம், படம் எடுத்தோம், அன்னதானம் சாப்பிட்டோம், வீட்டுக்குப் போனோம். பரீட்சை முடிந்து மூன்று மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தால் கன்றே கண்ணில் படவில்லை. லாலாங் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதன்மேல் கொடி மூடியிருந்தது. கோயிலில் இருந்த தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நட்டீங்க சரி தம்பி. அப்புறம் யாரு வந்தா?"

என்னிடம் பதில் இல்லை.

அன்று சந்நிதியில் நால்வர் சிலைகளைப் பார்த்தேன். அப்பர் சுவாமிகளின் தோளில் சாய்ந்திருப்பது என்ன? உழவாரம். கோயில் வீதியில் முளைக்கும் புல்லையும் முள்ளையும் செதுக்குகிற கருவி. பல்லவ மன்னனுக்கே அஞ்சாதவர், ஆயிரமாயிரம் பாடல் தந்தவர். ஆனாலும் அவரை நாம் அடையாளம் காண்பது களை எடுக்கும் கருவியை வைத்துத்தான். திருப்புகலூரில் அவர் பணி செய்த இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தனவாம். கல்லோடு கல்லாக அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார் என்கிறது பெரியபுராணம். நமக்கு அந்தப் பொன் எது தெரியுமா? கன்றோடு எடுக்கிற அந்தப் படம்!

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்ற குன்று இருக்கிறது. முன்பு அது பால்மரத் தோட்டம். நம்ம ஆட்கள் மரம் சீவிய மண். நிலம் கைமாறியதும் தோட்டத்து மக்கள் நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டு, நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். அந்த வேதனையை மறந்துவிட்டு அங்கே மரத்தைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. அதே குன்றில் இன்று 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் புக்கிட் கியாரா' என்ற தொண்டர் குழுவினர் இந்நாட்டுக் காட்டு மரங்களை மீண்டும் வளர்க்கிறார்கள். இப்படிப்பட்ட வேலையில் நடுவது ஒரு நாள். கொடி அறுப்பதும் புல் எடுப்பதும் பல வருஷம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மிக்கானியா கொடி ஏறினால், வெயில் படாமல் கன்று செத்துப்போகும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பால்மரமும் வெளியிலிருந்து வந்ததுதான். பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னாளில் பால்மரத் தோட்டங்கள் பெருகியபோது நம் முன்னோர் கூட்டங்கூட்டமாக அங்கே வந்தார்கள். ஆனால் காட்டு மரக்கன்றுகள் பலவற்றுக்கு இளம் வயதில் நிழல் தேவை. அந்த நிழலைப் பழைய பால்மரம் கொடுக்க முடியும். எங்கிருந்து வந்தாய் என்பதைவிட, வந்த இடத்தில் எதை வளரவிட்டாய் என்பதே பெரிய கேள்வி.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். காரணம் தில்லை மரக்காடு. இன்று அந்த மரத்தைக் காட்டாகப் பார்க்கப் பிச்சாவரம் சதுப்புநிலத்துக்குப் போகவேண்டும். பெயர் ஊரில் நிற்கிறது, காடு தள்ளிப் போய்விட்டது. நம் கதையும் அதுதானே? நம்ம மாவட்டத்துக்குப் பெயரான கூலிம், பூண்டு வாசம் வீசும் ஒரு காட்டு மரம். அதை நேரில் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நானும் பார்த்ததில்லை.

தல விருட்சத்தைச் சுற்றி வந்து கும்பிடுகிறோம். அந்த மரத்தின் இனமே இல்லாமல் போனால் எதைச் சுற்றுவோம்?

தாத்தா கேட்டபிறகு நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒரு ஞாயிறு போகிறோம். பாராங் எடுத்துப் புல்லை வெட்டினோம், கொடியைக் கையால் பிரித்தோம். 20இல் 7 கன்று உயிரோடு இருந்தது. மீதி 13 எங்கள் அலட்சியத்தில் போனது. அதை மறைக்க விரும்பவில்லை.

உங்கள் கிளையிலும் அடுத்த மரநடு விழா வரும். அழைப்பிதழில் நடும் தேதியைப் போடும்போதே, அடுத்த 12 மாதம் களை எடுக்கும் தேதிகளையும், யார் யார் வருவார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். பெயர் சேரவில்லையா? கன்றைக் குறைத்து நடுங்கள். காக்க முடிந்ததை நடுவதே பக்தி.

உழவாரம் சிலையின் தோளில் மட்டும் இருந்தால் போதாது. நம் கையிலும் இருக்கவேண்டும்.

திருச்சிற்றம்பலம்.