ரசீது இல்லாத உடம்பு

என் சின்னம்மாவுக்கு இடது கால் இழுத்துக்கொண்டுதான் நடக்கும். செக்காலையில் எங்கள் தெருவுக்குள் வந்து அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால் பல பேருக்குத் தெரியாது. "கால் இழுக்குமே, அந்தம்மாவா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வீட்டைக் காட்டுவார்கள். பிறவியில் வந்ததில்லை. 1997ஆம் வருஷம் காய்ச்சலுக்குப் போட்ட ஓர் ஊசியில் வந்தது.

அப்போது சின்னம்மா சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. காரைக்குடிப் பக்கம் பழைய செட்டியார் வீடுகளை இடித்துத் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த காலம். தூணுக்கு விலை உண்டு. இடிந்த காரையையும் செங்கலையும் தலையில் சுமந்து கொட்டுவது எங்கள் பெண்களின் வேலை. மூன்று நாள் காய்ச்சலோடு சுமந்துவிட்டு, நாலாம் நாள் ஓர் இலவச மருத்துவமனையில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றது. ஊசி போட்டவர் உட்காரச் சொல்லவில்லை, படுக்கச் சொல்லவில்லை. நின்றவாக்கில், சேலைக்கு மேலேயே குத்திவிட்டு "அடுத்து" என்றார். கரண்டு அடித்த மாதிரி பாதம் வரைக்கும் இழுத்தது என்று சின்னம்மா இன்றைக்கும் சொல்லும்.

பிட்டத்தில் போடுகிற ஊசியை மேல்பக்க வெளிமூலையில் போட வேண்டும். உள்ளே தள்ளி இறங்கினால் காலுக்குப் போகிற பெரிய நரம்பில் படும். செவிலியர் படிப்பில் இது பாலபாடம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இடுப்பெலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். அதாவது, தொட வேண்டும்.

எனக்கு அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' ஞாபகம் வருகிறது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயில் விழுகிறாள். டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். கெஞ்சிக் கூத்தாடி இரண்டு ரூபாய் பீஸ் பேசி, சேரிக்கு வெளியே வைத்துப் பார்க்கச் சம்மதிக்கிறார். காய்ச்சல் பார்க்கிற கருவியை அவர் ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவிக்கு வைத்து எடுத்துக் கொடுக்க, அதே வழியில் அது திரும்பிப் போகிறது. தொடாமலேயே நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை. அந்தப் பெண் செத்துப்போனாள். அந்த ஆசிரியரின் கடிதம் 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. நம் ஆட்களில் படித்தவர்கள் பலர் இதைத் தீண்டாமைக்கு உதாரணமாக மேடையில் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அது மருத்துவக் கவனக்குறைவுக்கும் உதாரணம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டோம்.

சின்னம்மாவுக்குக் கால் விழுந்து எட்டு மாதம் கழித்துத்தான் நான் ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனுஷர். முழுசாகக் கேட்டார். கடைசியில், "ஆஸ்பத்திரியிலே காசு கட்டினீங்களா? ரசீது இருக்கா?" என்றார்.

"காசு கட்டலைங்க. சீட்டு குடுக்கிறவருக்கு அஞ்சு ரூவா, உள்ளே விடுறவருக்குப் பத்து ரூவா."

வக்கீல் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் மரியாதை உண்டு எனக்கு. அப்புறம் விளக்கினார். 1995 நவம்பர் 13இல் இந்திய மருத்துவக் கழகம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. பெரிய தீர்ப்பு அது. அதற்கு முன்னால் டாக்டர்கள் தங்களைச் சட்டத்துக்கு மேலே உட்காரவைத்திருந்தார்கள். ஆனால் யாரிடமும் எதற்கும் கட்டணம் வாங்காத மருத்துவமனை அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சிலரிடம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற இடமென்றால் இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு. எல்லாருக்குமே இலவசம் என்றால் ஒருவருக்கும் இல்லை. வரி கட்டுகிறோமே என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை; வரி வேறு, கட்டணம் வேறு. 2019இல் வந்த புதிய சட்டத்திலும் இலவசச் சேவை வெளியேதான் நிற்கிறது.

அப்படியானால் கத்தியவாரில் அந்த டாக்டர் வாங்கிய இரண்டு ரூபாய்க்கு இன்றைய சட்டத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. சின்னம்மா கொடுத்த பதினைந்து ரூபாய்க்கு இல்லை. அது லஞ்சம். கொடுத்ததும் குற்றம் என்பார்கள். தீப்பெட்டி, சோப்பு என்று வாழ்நாளெல்லாம் கட்டிய வரியும் கணக்கில் இல்லை. இலவசம் என்ற ஒரு வார்த்தையில், கொடுத்ததெல்லாம் கொடுக்காததாகிவிட்டது.

வக்கீல் வழியே இல்லை என்று சொல்லவில்லை. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துண்டை வைத்துத் தைத்துவிட்டார்கள். அவள் செத்தாள். அரசாங்கம் தன் ஊழியரின் தவறுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. தொகை 36,000 ரூபாய். முப்பத்து மூன்று வருஷம். சின்னம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்குப் பேரன் பொறந்திருவான்"னு சொன்னது. எஸ்.சி., எஸ்.டி.க்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டென்று 1987ஆம் வருஷச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அதுவும் இலவசம்தான்.

இதற்கு நடுவில் ஒருவர் வந்தார். யார் அனுப்பி வந்தார் என்று இன்றுவரை தெரியாது. இரண்டாயிரம் ரூபாயும் ஒரு காகிதமும் கொண்டுவந்தார். சின்னம்மா பணத்தை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்தது. எனக்கு ஆத்திரம். அப்போது நான் இயக்கத்தில் சேர்ந்த புதிது. "இது வாய்க்கரிசி சின்னம்மா, வித்துட்டியே" என்று கத்தினேன்.

"நீ கோவத்தை வச்சுக்க தம்பி. நான் அரிசி வாங்கிக்கிறேன்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. வன்கொடுமை வழக்குகளிலும் இதே சண்டை நமக்குள் நடக்கிறது. அரசு கொடுக்கும் பணத்தை வாங்கலாமா, வாங்கினால் போராட்டம் படுத்துவிடுமா என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். பேசுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள். வாங்குவது தவறு என்று இன்று நான் சொல்லமாட்டேன். என் கோபமெல்லாம் அந்தப் பணத்துக்கு வைக்கிற பெயரில் இருக்கிறது. நஷ்டஈடு என்றால் தவறு செய்தவன் பட்ட கடன். நிவாரணம் என்றால் வெள்ளத்துக்கும் புயலுக்கும் கொடுப்பது, தவறு செய்தவன் யாருமில்லை. கருணைத்தொகை என்றால் கொடுக்கிறவன் கும்பிடப்பட வேண்டியவன். ஒரே ரூபாய் நோட்டு. நமக்கு வரும்போது மட்டும் அது எப்போதும் கருணையாகவே வருகிறது.

தொகையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கொல்கத்தாவில் 1998இல் தவறான சிகிச்சையில் இறந்த ஒரு பெண்ணுக்காக உச்ச நீதிமன்றம் 2013இல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. அமெரிக்காவில் வாழ்ந்தவர், அங்கே சம்பாதித்திருக்கக்கூடிய வருமானம் கணக்கில் வந்தது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வருமானத்தை வைத்துப் பெருக்கினால், பாண்டுச் சட்டி சுமக்கிறவளின் கால் எவ்வளவு தேறும்? காலங்காலமாகக் கூலியைக் குறைத்தார்கள். பிறகு அந்தக் கூலியைக் காட்டியே காலின் விலையையும் குறைக்கிறார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே நாளில் ஒரே டாக்டர் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தாரே, செத்தவர்களின் வருமானத்தை யார் பெருக்கிப் பார்த்தார்கள்?

வேறு கணக்கும் உண்டு. எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போனது. உச்ச நீதிமன்றம் 2015இல் விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்து அந்தப் பிள்ளைக்கு இனி ஆகப்போகிற மருத்துவச் செலவைக் கணக்கிட்டது. அது மட்டும் 1 கோடியே 38 லட்சம். பிள்ளைக்குச் சம்பளம் ஏது? அதனால் தேவையைப் பார்த்தார்கள். சம்பளம் இல்லாத பிள்ளைக்குப் பார்த்ததை, சம்பளம் கொடுக்கப்படாத சாதிக்கும் பார்க்கச் சொல்லி நம் வக்கீல்கள் வாதாட வேண்டும்.

ஊசி போட்டவரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் நர்ஸே இல்லை, வார்டு கூட்டுகிற ஆள், ஆள் பற்றாக்குறைக்கு ஊசி போட வைத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவரும் நம்ம ஆளுதான் என்றார்கள். உண்மையோ பொய்யோ, சின்னம்மா அதற்குப் பிறகு அவரைத் திட்டவில்லை. சாத்தூரில் 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. தன் ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று அறிந்ததும் தானாகவே ஓடிவந்து சொன்னவன் அந்த ரத்தத்தைக் கொடுத்த பையன். அவன்தான் விஷம் குடித்துச் செத்தான். ரத்தத்தைச் சரியாகச் சோதிக்காத அமைப்பு உயிரோடு இருந்தது. மதுரைக் கிளை 2019இல் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. அந்தப் பையனின் பங்கு எந்தக் கணக்கில் வரும்? அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். இல்லாவிட்டால் கடைசிப்படியில் நிற்கிறவன் கழுத்தில்தான் கயிறு விழும்.

சின்னம்மாவுக்குப் பணத்தைவிட வேறு ஒரு ஆசை இருந்தது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது ஒருத்தர் வீட்டுக்கு வந்து காலைத் தொட்டுப் பார்த்து, "தப்பு நடந்துபோச்சும்மா"ன்னு சொல்லணும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இதை நான் பார்க்கவில்லை.

போன வருஷம் ஊனமுற்றோர் சான்றுக்கு முகாம் நடந்தது. கூட்டிக்கொண்டு போனேன். இளவயது டாக்டர், காலை மடக்கி நீட்டி நன்றாகத் தொட்டே பார்த்தார்.

"சின்ன வயசிலே போலியோவாம்மா?"

"இல்லே சாமி. ஊசி."

பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்தினார். பிறகு சதவீதத்தை மட்டும் எழுதி, சீலைக் குத்திக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.