எங்கள் ஊரில் வேண்டாம் என்றால்...

ஒரு தீங்கைத் தன் வாசலிலிருந்து அகற்றும்படி கேட்க எந்த மனிதனுக்கும் உரிமை உண்டு. இதில் தர்க்கத்துக்கு இடமில்லை. ஆனால், அகற்றப்படும் தீங்கு அடுத்து எவருடைய வாசலில் போய் விழும் என்று பார்க்கும் கடமையும் அவனுக்கு உண்டா? உண்டென்றால், நியாயம் கேட்டுத் தெருவில் இறங்கிய ஏழையின் தலையில் இன்னுமொரு சுமையை ஏற்றியவர்களாவோம். இல்லையென்றால், அவன் கேட்பது நீதியா, வெறும் தப்பித்தலா என்ற கேள்வி எஞ்சிவிடுகிறது. புத்தளம் மாவட்டத்தில் வாழும் எங்களுக்கு இது ஏட்டிலுள்ள தத்துவ விசாரமல்ல.

'சுற்றாடல் நீதி' என்ற சொல் இப்போது எமது கருத்தரங்குகளில் தாராளமாகப் புழங்குகிறது. அதன் தொடக்கமாகப் பலரும் காட்டுவது ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள வொறன் என்ற வறிய கிராமியப் பகுதியை. அங்கே பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். 1978இல் பிசிபி என்ற நச்சு கலந்த எண்ணெயை அந்த மாநிலத்தின் வீதியோரங்களில் களவாக ஊற்றிவிட்டுப் போனார்கள் சிலர். நஞ்சேறிய மண்ணை அள்ளிப் புதைக்க மாநில அரசு தெரிவுசெய்த இடம் வொறன். 1982இல் லொறிகள் வந்தபோது மக்கள் வீதியில் படுத்தார்கள். 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மண் எப்படியோ புதைக்கப்பட்டுவிட்டது. அதைச் சுத்திகரித்து முடிக்க இருபது வருடங்களுக்கு மேல் சென்றது.

தோற்ற போராட்டந்தான். ஆனால் அது ஒரு கேள்வியை விட்டுச்சென்றது: ஏன் எப்போதும் இவர்களுடைய ஊர்? 1987இல் ஒரு திருச்சபையின் இன நீதிக்கான ஆணைக்குழு நாடளாவிய ஆய்வொன்றை வெளியிட்டது. நச்சுக் கழிவு நிலையங்கள் எங்கே அமைகின்றன என்பதை மற்றெல்லாக் காரணிகளையும்விட அவ்விடத்து மக்களின் இனமே எடுத்துக்காட்டுகிறது என்று அது கண்டது. 1991 ஒக்டோபரில் கறுப்பினத்தவர், பூர்வீகக் குடிகள், லத்தீன், ஆசிய வம்சாவளியினர் என்று நூற்றுக்கணக்கானோர் வொஷிங்டனில் நான்கு நாட்கள் கூடினார்கள். பிரிந்து செல்லுமுன் 17 கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பதினேழையும் நான் பலமுறை வாசித்திருக்கிறேன். என்னைக் கவர்வது அவற்றில் இல்லாத ஒன்று. நஞ்சை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுத் தாருங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. வெள்ளையரின் ஊருக்கு அனுப்புங்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்? அவர்கள் நச்சுப் பொருட்களின் உற்பத்தியையே நிறுத்தச் சொன்னார்கள். தீர்மானம் எடுக்கப்படும் ஒவ்வொரு மட்டத்திலும் சம பங்காளிகளாக இருக்கும் உரிமையைக் கேட்டார்கள். கடைசிக் கோட்பாட்டில் தங்களையும் விட்டுவைக்கவில்லை: குறைவாக நுகர்வதும் குறைவாகக் கழிவை உண்டாக்குவதும் ஒவ்வொருவரின் பொறுப்பு என்றார்கள்.

இனி எமது கதை. கொழும்பின் குப்பை வெகுகாலம் ப்ளூமெண்டலில் மலையாகக் குவிந்தது. அங்குள்ள எதிர்ப்பாலும் வழக்காலும் அது மூடப்பட, குப்பை மீதொட்டமுல்லவுக்குப் போனது. மீதொட்டமுல்ல மக்களும் வருடக்கணக்கில் கத்தினார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், மேடு சரிந்து வீடுகள் புதையுண்டன. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகு எல்லோருடைய கண்ணும் சுமார் 170 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த அருவக்காட்டின் மீது திரும்பியது. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய பூமி. ஒரு பக்கம் வில்பத்து, மறுபக்கம் களப்பு, கிட்டவே கரைத்தீவு. புகையிரதத்தில் குப்பையைக் கொண்டுவந்து புதைப்பது திட்டம்.

சீமெந்துத் தொழிற்சாலையின் தூசியை ஏற்கனவே சுமப்பது இந்த மாவட்டம். நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் இங்கேதான் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினருக்குக் கிணற்றையும் நிலத்தையும் பகிர்ந்து கொடுத்ததும் இந்த மண்தான். (அந்தக் கடைசி விடயத்தைச் 'சுமை' என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. மனிதரையும் குப்பையையும் ஒரே பட்டியலில் எழுதக்கூடாது.) 2018இல் புத்தளத்தில் எழுந்த எதிர்ப்பில் முஸ்லிம்களோடு சிங்களவரும் தமிழரும் நின்றார்கள். இருந்தும் 2019 ஓகஸ்டில் கொழும்பின் குப்பை அருவக்காட்டுக்கு வரத் தொடங்கியது.

அதற்கு முந்திய டிசம்பர் விடுமுறையில் எங்கள் பாடசாலை மண்டபத்தில் சுற்றியுள்ள கிராமங்களின் தொண்டர்கள் கூடினார்கள். நாற்பது பேரளவில் இருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் திரையில் படங்காட்டி நன்றாகவே விளக்கினார்கள். நிலத்தடி நீர், கசிவு நீர், யானைப் பாதை எல்லாம் வந்தன. கேள்வி நேரத்தில் களப்பில் வலை வீசும் முதியவர் ஒருவர் எழுந்தார்.

"மாஸ்டர், நான் ஒண்டு கேக்கட்டா? நாங்க வேணாமெண்டு சொல்றம், சரி. அந்த மீதொட்டமுல்லயில பிள்ளையப் பறிகுடுத்த உம்மா ஒருத்தி இங்க வந்து, அப்ப நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறண்டு கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்க?"

மண்டபம் அமைதியானது. ஓர் இளைஞர், "நானா, அது அரசாங்கம் யோசிக்க வேண்டியது" என்றார். சட்டப்படி அது சரியான பதில். ஆனால் முதியவர் சட்டம் கேட்கவில்லை.

அவருக்குரிய பதிலைப் பின்னர் நான் தேடியது மஜல்லாவில். உஸ்மானியர் காலத்தில், 1869க்கும் 1876க்கும் இடையில் தொகுக்கப்பட்ட அந்தச் சட்டக்கோவையின் முற்பகுதியில் பொது விதிகள் நூறளவில் உண்டு. 25ஆவது விதி, ஒரு தீங்கை அதே போன்ற தீங்கினால் நீக்கலாகாது என்கிறது. இது நாங்கள் கேட்க விரும்பும் விதி. அடுத்த விதியே எமக்கு எதிராக நிற்பதுபோல் தோன்றுகிறது: பொதுத் தீங்கைத் தடுக்கத் தனிப்பட்ட தீங்கு பொறுத்துக்கொள்ளப்படும். கொழும்பில் இலட்சக்கணக்கானோர், கரைத்தீவில் சில ஆயிரம் பேர். எந்த அதிகாரியும் இந்த 26ஆவது விதியைத்தான், அதன் பெயர் தெரியாமலே, மேசையில் வைப்பார்.

ஆனால் சட்ட அறிஞர்கள் இவ்விதிக்கு வழமையாகக் காட்டும் உதாரணங்களைப் பாருங்கள். அரைகுறை வைத்தியன் தொழில் செய்வதைத் தடுக்கலாம். அவனுக்கு வருமானம் போகும், ஊருக்கு உயிர் தப்பும். பொது வீதியின் பக்கம் சாய்ந்து நிற்கும் சுவரை இடிக்கச் சொல்லலாம். சுவர்க்காரனுக்கு நட்டம், வீதியில் போவோருக்குப் பாதுகாப்பு. இரண்டிலும் இழப்பைத் தாங்குபவன் யார்? ஆபத்து எவனிடமிருந்து வருகிறதோ அவன். கொழும்பில் சாயும் சுவருக்காகக் கரைத்தீவில் ஒருவனின் வீட்டை இடிக்க இந்த விதி இடந்தருவதாக எனக்குத் தோன்றவில்லை. எத்தனை பேர் இந்தப் பக்கம், எத்தனை பேர் அந்தப் பக்கம் என்று எண்ணுவதற்கு முன், ஆபத்தின் ஊற்று எங்கே என்று கேட்கவேண்டியிருக்கிறது.

ஆகவே அந்த உம்மாவுக்கு நாங்கள் சொல்லக்கூடியது உண்டு. உன் வாசலில் கொட்டியவர்களே எங்கள் வாசலுக்கும் வருகிறார்கள். உன்னை மறந்துவிட்டு நாங்கள் வேண்டாமென்று சொன்னால் எங்கள் சொல்லுக்குப் பெறுமதியில்லை. மாற்று இடத்தைக் காட்டும் கடமை பாதிக்கப்பட்டவனுக்கு இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இன்னொரு ஏழை ஊரை அவன் வாய் உச்சரிக்கக்கூடாது. குப்பை பிறக்கும் வீட்டிலும் சந்தையிலும் ஹோட்டலிலும் அதைப் பிரித்துக் குறைக்கும்படி கேட்பது வேறு. அந்தக் கேள்வி மட்டுமே ப்ளூமெண்டலையும் மீதொட்டமுல்லவையும் அருவக்காட்டையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

இந்த நியாயத்தில் எமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஊற்று எங்கே என்று கேட்கத் தொடங்கினால் கேள்வி கொழும்போடு நிற்பதில்லை. எங்கள் ஊர்க் குப்பை எங்கே போகிறது? களப்போரத்துக் கண்டல் மரங்களுக்குள். அதற்கு ஐம்பது யார் தள்ளி ஆறு ஓலைக் குடில்கள். காற்று திரும்பும் மாதங்களில் அங்குள்ள பிள்ளைகள் இருமிக்கொண்டே வகுப்புக்கு வருகிறார்கள். கல்யாண வீட்டுச் சோற்றுப் பொதிகளும் பிளாஸ்டிக் கோப்பைகளும் அந்தக் குடில்களில் பிறந்தவையல்ல. இங்கே சுவர் எங்களுடையது.

டிசம்பர்க் கூட்டத்தில் அந்தக் குடில்களைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்களைப் பேச அழைக்க எவருக்கும் தோன்றவில்லை. 1996 டிசம்பரில் நியூ மெக்ஸிகோவின் ஹெமெஸ் என்ற இடத்தில் இப்படியான தொண்டர்கள் நாற்பது பேர் கூடி, கூட்டங்களை எப்படி நடத்துவது என்பதற்கே ஆறு கோட்பாடுகள் வகுத்தார்கள். பாதிக்கப்பட்டவர் தமக்காகத் தாமே பேசட்டும் என்பது அவற்றிலொன்று. ஆசிரிய கலாசாலையில் பிள்ளை மையக் கல்வி பற்றி எமக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்புத் தந்தார்கள். பெரியவர்களின் கூட்டத்தில் எவரை மையத்தில் இருத்துவது என்பதற்கு ஒரு குறிப்பும் இருக்கவில்லை.

தேநீருக்குப் பிறகு அவர்களில் ஒருவர், யாரையும் பார்க்காமல், "சேர், கொழும்புக் குப்பைய நிப்பாட்டுங்க, நல்லம். இந்தக் கண்டலுக்குள்ள கொட்டுறதையும் ஒரு வரி அதுல எழுதேலாதா?" என்று கேட்டார்.

எழுதலாம் என்றார் செயலாளர். முன்வரிசையில் ஒருவர், இப்போது அதைச் சேர்த்தால் எங்கள் கோரிக்கை பலவீனப்படும், அதிகாரிகள் அதையே பிடித்துக்கொள்வார்கள் என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இல்லாமலில்லை. நீண்ட நேரம் விவாதித்தோம். அந்த முதியவரும் இன்னும் ஏழு பேரும் சேர்க்கச் சொல்லிக் கை உயர்த்தினார்கள், நானும் உயர்த்தினேன். மஃரிபுக்கு நேரமாகிவிட்டதால் அவ்வரி இல்லாமலே மகஜர் கையொப்பத்துக்கு விடப்பட்டது. அந்த இரண்டு பெண்களும் அதில் கையொப்பமிட்டார்கள்.