எவரும் சொல்லாத பொய்

பொய் என்று ஒன்று இருப்பின் பொய்யன் ஒருவனும் இருத்தல் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். உரைத்தவன் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டும். அன்றேற் கண்டவனின் கண்ணிலே குறை இருந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்துப் பொய் தோன்றுமாயின் அதற்குப் பொறுப்பாளி யார்? இவ்வினாவை என்னுள் எழுப்பியது தத்துவ நூலொன்றன்று. ஒரு முதியவர் உடுத்திருந்த சாரம்.

கள ஆய்வின் பொருட்டுக் கரையோரக் கிராமமொன்றுக்குச் சென்றுவந்த காலத்தில், எமக்குத் தகவல் தந்துதவிய மீனவ முதியவர் ஒருவரை அவர் விருப்பப்படி இலக்கமுறைக் கமராவினாற் படம் பிடித்தேன். அவர் உடுத்திருந்தது வெள்ளையும் கருமையுமான மிக நுண்ணிய கட்டங்கள் கொண்ட சாரம். விடுதிக்குத் திரும்பிப் படத்தைப் பார்த்தபோது முகமும் மணலும் படகும் உள்ளவாறே இருந்தன. சாரத்தில் மட்டும் செம்மையும் பசுமையும் கலந்த அகன்ற அலைகள் வளைந்து வளைந்து ஓடின. பெருப்பித்துப் பார்த்தேன், அலைகள் மறையவில்லை. அடுத்த முறை சென்றபோது அதனை அவருக்குக் காட்டினேன். "இது என்ரை சாரம் இல்லைத் தம்பி" என்று சிரித்தார்.

இத்தோற்றத்தை முவாரே என்பர். அலையலையாக மினுங்கும் ஒருவகைப் பட்டினைக் குறித்த பிரெஞ்சுச் சொல் இது. நுளம்புவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எவரும் இதனைக் காணலாம். ஓரங்குலத்தில் 50 கோடுகள் கொண்ட கண்ணாடித்தாளின்மேல் 52 கோடுகள் கொண்ட மற்றொன்றை வைப்போமாயின் அங்குலத்துக்கு 2 கரும்பட்டைகள் தோன்றும். அப்பட்டைகள் முதலாந்தாளிலும் இல்லை, இரண்டாந்தாளிலும் இல்லை. இரண்டு ஒழுங்குகள் ஒன்றன்மீது ஒன்று படிகையில் மூன்றாவதாக ஓர் ஒழுங்கு பிறக்கின்றது. நுண்கோட்டுத் தகடுகளின் செம்மையைச் சோதிக்க இதனைப் பயன்படுத்தலாம் என்பதை 1874ஆம் ஆண்டிலேயே ரேலி பிரபு எடுத்துக்காட்டினார்.

கமராவிலே நிகழ்வதும் இதுவே. அதன் உணரியில் ஒளியுணர் புள்ளிகள் வரிசை வரிசையாக, சம இடைவெளியில் அமைந்துள்ளன. ஒரு வெண்கோட்டையும் அதனை அடுத்த கருங்கோட்டையும் பிரித்தறிய இரண்டு புள்ளிகளுக்குக் குறையாமல் வேண்டும். இவ்வெல்லையை நைக்விஸ்ற் 1928இலும் ஷனன் 1949இலும் வெளியிட்ட கட்டுரைகள் தெளிவுபடுத்தின. 100 புள்ளிகள் கொண்ட ஒரு வரிசையின்மீது 90 கோட்டுச் சோடிகளின் விம்பம் விழுமாயின் அவை 90 ஆகப் பதிவாகமாட்டா, மறைந்தும் போகமாட்டா. 10 அகன்ற பட்டைகளாக உருமாறித் தோன்றும். நிறத்துக்கும் காரணம் உண்டு. கொடாக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர் 1976இற் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையுமே உணர்கின்றன. எஞ்சிய நிறங்களை அயற்புள்ளிகளைக் கொண்டு கமரா ஊகித்துக்கொள்கின்றது. வண்ணமற்ற சாரத்தில் வானவில் தோன்றியது இவ்வூகத்தினாலேயாம்.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. எட்டாததை அறிவு வெறுமனே விட்டுவிடும் என்றே நாம் எண்ணுகின்றோம். அறியாமையை ஓர் இருட்டாக உருவகிப்பது நமது மரபு. முவாரே காட்டுவது வேறு. கருவியின் வல்லமைக்கு மேற்பட்ட நுண்மை, தெளிவான வடிவும் அழகான ஒழுங்கும் கொண்ட போலியாகத் திரும்பி வருகின்றது. அறியாமை இங்கே அறிவின் உடையை உடுத்திருக்கின்றது.

ஒன்றை மற்றொன்றாகக் காண்பதைச் சைவசித்தாந்த அளவையியல் திரிவு என்கின்றது. மங்கிய ஒளியிற் கயிற்றைப் பாம்பெனக் காணுதல் நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு. ஆயின், கயிற்றரவை நீக்க ஒரு விளக்குப் போதும். முவாரேயோ விளக்கினால் நீங்குவதன்று. வில்லை எவ்வளவு கூர்மையானதோ, குவியம் எவ்வளவு துல்லியமானதோ, அவ்வளவுக்கு அது தெளிவாகத் தோன்றும். கவனக்குறைவினால் விளைந்த தவற்றைக் கவனம் திருத்தும்; கவனத்தினாலேயே வலுப்பெறும் தவற்றை எது திருத்தும்?

இதனை ஒரு பௌதிகவியற் புதுமையாகக் கருதி நான் விட்டிருப்பேன். அம்முதியவர் விடவில்லை. எமது அறிக்கையின் முதல் வரைவில், "இளைஞர் பெரும்பாலும் தொழிலின்றிக் கரையிற் பொழுது போக்குகின்றனர்" என்று எழுதியிருந்தேன். ஆறு மாதங்கள், ஆறு முறை சென்று, ஒவ்வொரு முறையும் அவ்வாறே கண்டு எழுதியது. படகுகள் கரையிற் கிடந்தன; இளைஞர் மரநிழலிற் சீட்டாடினர். அன்று பேச்சினிடையே இதனை அவரிடம் சொல்ல நேர்ந்தது. அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்கள் நிலவோடை வாறியள், நாங்கள் இருட்டோடை போறனாங்கள்."

விரிவுரைகள் இல்லாத நாளே எமக்கு வசதியாக இருந்தமையால் நாம் சென்றது எப்போதும் போயா விடுமுறையில். அவர்களோ விளக்கொளியால் மீனைக் கவர்ந்து பிடிப்போர். நிலவு நிறைந்த இரவுகளில் அவ்விளக்குக்குப் பயனில்லை. ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாட்களுக்கு ஒருமுறை சுழலும் ஒரு வாழ்வை, அதே கால இடைவெளியில், அதே நிலையில் நின்று ஆறு தடவை பார்த்தோம். வாழ்வின் ஒழுங்கும் எமது வருகையின் ஒழுங்கும் ஒன்றன்மீது ஒன்று படிந்தன. 'சோம்பல்' என்ற அலை தோன்றியது. அக்கிராமத்துக்கு எத்தகைய உதவி பொருந்தும் எனத் தீர்மானிப்போர் வாசிக்கவிருந்த அறிக்கை அது. நான் கண்டதில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. எனினும் எழுதியது பொய்.

பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கு இப்போது விடை கூற முயலலாம். சாரத்தின்மீது குற்றமில்லை. கமராவும் தன்மேல் விழுந்த ஒளியையே பதிந்தது. ஆனாற் கமராவுக்கு இல்லாத ஒன்று அதனை ஏந்தியவனுக்கு உண்டு: தன் கருவியின் இடைவெளி எவ்வளவு என்று கேட்கும் ஆற்றல். பொய்யுரையாமை வாய்மையின் ஒரு பாதியே. தான் எவ்வெவ் இடைவெளிகளுக்கூடாகப் பார்க்கின்றான் என்பதை அறிய முயல்வது மறுபாதி. அம்முயற்சியைச் செய்யாதவன், கண்டதையே சொன்னேன் என்று கூறித் தப்பமுடியாது.

எவரும் ஏதோவோர் இடைவெளிக்கூடாகவே பார்க்க முடியுமாதலால் எவரையும் குறைகூறல் தகாது என்று சிலர் வாதிக்கலாம். இடைவெளியற்ற பார்வை எவருக்கும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் கமரா செய்வோர் அதனைக் காரணங்காட்டி வாளாவிருக்கவில்லை. உணரிக்கு முன்னே ஒரு வடியை வைத்து, அதற்கு எட்டாத நுண்மையைச் சிறிதே மங்கச் செய்தனர். 2012இல் நைக்கொன் நிறுவனம் ஏறத்தாழ மூன்றுகோடி அறுபது இலட்சம் புள்ளிகள் கொண்ட டி800 கமராவை அவ்வடியுடனும், அதன் இணையான டி800ஈ கமராவை வடியின் விளைவு நீக்கப்பட்டதாகவும் வெளியிட்டது. பின்னையதில் நுண்மை கூடும். முவாரே தோன்றும் வாய்ப்பும் கூடும். அதே ஆண்டிற் பியூஜிபில்ம் நிறுவனம் நிறப்புள்ளிகளின் ஒழுங்கைக் கலைத்து அமைக்கும் வேறொரு வழியை மேற்கொண்டது. பழைய படச்சுருளின் மணிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தமையால் அதில் இத்தொல்லை இருக்கவில்லை.

இவ்விரு வழிகளும் நமக்கும் உரியன. அறுதியாகத் தெரியாததைத் தெளிவின்றியே விட்டுவைக்கும் அடக்கம் ஒன்று. வசதியான நாளில் மட்டுமன்றி வசதியற்ற நாளிலும் சென்று பார்க்கும் உழைப்பு மற்றையது. இரண்டும் தீர்ப்புக்கு முன்னரே செய்யவேண்டியவை. படம் பதிந்தபின் அலையை அழிக்க முனைந்தால் உண்மையான நெசவும் அதனோடு அழியக்கூடும். உண்மையிலேயே அலைவேலை கொண்ட பட்டையும் போலி அலை படிந்த சாரத்தையும் படத்தை மட்டும் கொண்டு பிரித்தறிவதும் எளிதன்று. இரண்டடி முன்னே வைத்து, மற்றொரு கோணத்தில் மீண்டும் பார்த்தால் அலை மாறும், நெசவு மாறாது.

அடுத்த இருட்டில், விரிவுரைகளை விட்டுவிட்டு, விடியுமுன் அக்கரைக்குச் சென்றேன். ஒரு படகும் இல்லை. மரநிழல் வெறுமையாகக் கிடந்தது. கிழக்கு வெளுக்கும் வேளையிற் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. சீட்டாடியவர்களாக நான் அறிந்த இளைஞர் வலையை இழுத்தனர். அறிக்கையில் அவ்வரியை அழித்தேன். அதற்கு முன் வேறு எத்தனை பேரைப் பற்றி, எத்தனை நிலவு நாட்களை மட்டும் கண்டு, தீர்ப்புக் கூறியிருப்பேன் என்பதை எண்ணிப் பார்க்கின்றேன். அவற்றை அழிப்பதற்கு என் கையில் வரைவு ஏதும் இல்லை.