மங்கிய வானமும் மனச்சான்றும்

வெயில் பொழியும் கடற்கரையைப் படம் பிடிப்பவனை எவரும் வினவுவதில்லை. வானம் இருண்டு, அலைகள் சாம்பல் நிறங்கொண்ட வேளையில் நிழற்படக் கருவியை எடுப்பவன் முன்னர் ஒரு வினா நிற்கிறது: படத்தில் தோன்றும் துயரம் யாருடையது?

முகிலுக்குத் துயரமில்லை. அது கதிரொளியைச் சிதறச் செய்து நிழல்களை மென்மையாக்குகிறது, அவ்வளவே. அவ்வொளிக்குச் சோகமெனப் பெயரிடுபவன் மனிதன். நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். இரங்குவது கடலன்று, கரையில் காத்திருக்கும் தலைவியே. அந்நிலத்து மக்களின் தொழிலையும் அவர்கள் கருப்பொருளுள் அடக்கினர்.

படம் மெய்யா, பொய்யா என்பதே முதன்மையான வினா என்பாரும் உளர். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1857-இல் ஆக்கிய பேரலைப் படத்தில், வானுக்கொரு தகடும் கடலுக்கொரு தகடும் எடுத்துத் தொடுவானத்தில் இணைத்தார். நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்த அக்காலத் தகட்டில், கடல் பதிவதற்குள் வானம் வெளிறிவிடும். கருவியின் குறையை நிறைத்த அச்செயலைப் பெருங்குற்றமெனல் பொருந்தாது. பிறரது இடரை அவரிடமிருந்து பிரித்து, நம் மனநிலைக்கு அணியாக ஒட்டிக்கொள்வதே அதனினும் பெரிய ஒட்டுவேலை.

நம் மலேசியக் கிழக்குக்கரையையே காண்போம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்கால், கிளந்தான், திரங்கானு கரைகளில் கடல் கொந்தளிக்கிறது. சிறு படகுகள் கரையேற்றப்படுகின்றன. கடலுக்குச் செல்லாத நாள் மீனவனுக்கு வருவாயற்ற நாள். நமக்கு எழிலாகத் தோன்றும் அதே முகில் அவன் அடுப்பின்மீதும் கவிகிறது.

அங்ஙனமாயின் அப்படத்தை எடுக்கலாகாதா? எடுக்கலாம். எழிலைக் காண்பது குற்றமன்று. ஆயினும், கரையேற்றிய படகை இடையூறென விலக்குவதும், வெறும் அழகுப்பொருளாக வைப்பதும் ஒரே குறையின் இரு முகங்கள். அப்படகு எந்தக் கரையில், எந்தத் திங்களில், ஏன் கிடக்கிறது என்பதைப் படத்தின் அடியில் ஒரு வரியிலேனும் எழுதுவோமாயின், துயரம் உரியவரைச் சென்று சேரும்.

எழுதுகோலுக்கும் இவ்வறம் பொதுவானது. மழைக்காலத்தை வருணித்துக் கட்டுரை எழுதிய மாணவனின் சொல்வளத்தைப் பாராட்டிய பின்னர், ஆசிரியர் ஒன்று கேட்கட்டும்: "இந்த மழையில் யாருடைய வேலை நின்றது?" விடை தேடும் மாணவன் தன் கட்டுரையைத் திருத்தி எழுதுவான், அதற்கு முன் தன் பார்வையைத் திருத்திக்கொள்வான்.