யார் சொல் செல்லும்?

வாரண்டிக் காலத்திலேயே என் காரின் கியர்பாக்ஸ் பழுதானது. திறந்துகூடப் பார்க்காமல், “நீங்க ஓட்டின விதம் அப்படி மேடம், வாரண்டியில வராது” என்றார் சர்வீஸ் மேலாளர். விளக்கத்தையோ, கார் ஓட்டவே தெரியாத என் கணவரிடம் சொன்னார்.

சொல்பவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பதைத் தத்துவவாதி மிராண்டா ஃபிரிக்கர், 2007இல் வெளிவந்த தன் நூலில், சாட்சிய அநீதி என்கிறார். கியர்பாக்ஸ் செலவைத் திரும்பப் பெற்றுவிடலாம். ‘இவளுக்கு என்ன தெரியும்’ என்ற தீர்ப்பு அடுத்து வரும் பெண்ணுக்காகவும் அங்கே காத்திருக்கும்.

அதனால் மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்டேன். வாயால் எளிதாகச் சொன்னதை லெட்டர்ஹெட்டில் எழுதத் தயங்கினார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கறிஞர் இன்றி முறையிடலாம். முறையிட்டிருக்கிறேன். என் ஓட்டுதலே காரணம் என்பவர்கள், அதை அங்கே ஆதாரத்தோடு காட்டட்டும்.