இதயமும் நாவும்

பண்டைய எகிப்தின் மெம்பிஸ் நகரில் ‘ப்தா’ என்னும் படைப்புக் கடவுள் போற்றப்பட்டார். புழு அரித்த பழஞ்சுவடியிலிருந்து எடுத்ததாகக் கூறி, மன்னர் ஷபாகா சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் கல்லில் பொறிப்பித்த வாசகம் அவரது படைப்பை விளக்குகிறது: ப்தா இதயத்தில் எண்ணினார், நாவினால் மொழிந்தார், தேவர்களும் உயிர்களும் தோன்றினர்.

அதே இதயமும் நாவும் எல்லா உயிர்களிலும் உறைகின்றன என்கிறது அவ்வாசகம். இதன் உட்பொருள் ஆழ்ந்தது. இறைவனின் படைப்புக் கருவிகளே மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. சினத்தில் உதிரும் ஒரு சொல் பகையைப் படைக்கிறது. பரிவில் பிறக்கும் ஒரு சொல் சோர்ந்த உள்ளத்தில் நம்பிக்கையைப் படைக்கிறது.

இறந்தவனின் இதயம், ‘மாஅத்’ என்னும் சத்திய தேவதையின் இறகுக்கு எதிரே தராசில் வைக்கப்படும் என்றும் எகிப்தியர் நம்பினர். படைக்கும் இதயமே கணக்கும் கொடுக்க வேண்டும். ஆதலின், சொல் நாவுக்கு வருமுன் அதை இதயத்திலேயே எடைபோட்டுப் பார்ப்பது சாதகனின் அன்றாடத் தவமாகும்.